மடிக்கணினிச் செயலியின் அதிர்வெண் மாற்றம்: வரலாறும் பழுதறிதலும்

செயலி அதிர்வெண் மாற்றம் என்பது கணினிச் செயலியின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் வேலைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் இயக்கும் முறையாகும். மின்சாரத்தைச் சேமிக்கவும் சூட்டைக் குறைக்கவும் இது மடிக்கணினிகளில் பயன்படுகிறது. மடிக்கணினி மிகக் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும் பழுதும் இம்முறையோடு தொடர்புடையதே. வேகத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு யார் யாரிடம் மாறியது என்ற வரலாறு, அப்பழுதைக் கண்டறிய உதவும்.

தொடக்கம்

2000 சனவரியில் இன்டெல் நிறுவனம் ஸ்பீட்ஸ்டெப் நுட்பம் கொண்ட பென்டியம் 3 செயலிகளை மடிக்கணினிகளுக்காக வெளியிட்டது. அவற்றுள் 650 மெகாஹெர்ட்ஸ் செயலி, பேட்டரியில் இயங்கும்போது 500 மெகாஹெர்ட்சுக்கு இறங்கியது. மின்னழுத்தமும் 1.6 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டாகக் குறைந்தது. செயலி இயங்கும்போது செலவாகும் திறன், அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் அமையும். எனவே வேகம் ஏறத்தாழ கால் பங்கு குறைய, திறன் கணக்குப்படி சுமார் 45 விழுக்காடு குறைந்தது. அதே மாதத்தில் டிரான்ஸ்மெட்டா நிறுவனம் லாங்ரன் நுட்பம் கொண்ட குரூசோ செயலியை அறிமுகப்படுத்தியது.

பொறுப்பு கைமாறுதல்

2000இல் வெளியான ஏசிபிஐ 2.0 தரம், செயலியின் வேகநிலைகளை பயாஸ் இயங்குதளத்திடம் தெரிவிக்கும் பொது வழியை வகுத்தது. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் கருனி 2.6, அதிர்வெண் மாற்றத்துக்கான தனிப் பகுதியைக் கொண்டிருந்தது. வேலைப்பளுவைப் பார்த்துத் தானே வேகத்தை மாற்றும் ‘ஆன்டிமாண்ட்’ ஆளுநர் நிரல் 2004இல் அதில் சேர்ந்தது. 2015இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் செயலிகளில், வேகத்தைச் செயலியே தேர்ந்தெடுக்கும் ஸ்பீட்ஷிஃப்ட் வசதி அமைந்தது. இவ்வாறு இயங்குதளம், பயாஸ், வன்பொருள் ஆகிய மூன்றும் இன்று வேகத்துக்கு வரம்பிட வல்லவை.

பழுதறிதல்

வேலையின்றி இருக்கும்போது வேகம் குறைவது பழுதன்று. கடினமான பணி ஒன்றை ஓடவிட்ட பின்னரே வேகத்தை அளவிட வேண்டும். அப்போதும் வேகம் உயராவிட்டால், பின்வரும் வரிசையில் சோதிக்கலாம்.

1. இயங்குதளம்: மின்சேமிப்புத் திட்டம் அல்லது ஆளுநர் நிரல், குறைந்த வேகத்தில் நிறுத்தப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

2. பயாஸ்: சார்ஜரை அடையாளம் காண முடியாதபோதும் அதன் திறன் போதாதபோதும், சில மடிக்கணினிகளில் பயாஸ் உச்ச வேகத்தைக் குறைத்துவிடும். ஏற்ற சார்ஜரைப் பொருத்திப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

3. வன்பொருள்: தூசி அடைத்த விசிறியும் காய்ந்துபோன வெப்பப் பசையும் செயலியைச் சூடாக்கும், செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். செயலி குளிர்ந்திருந்தும் வேகம் குறைந்தே இருந்தால், தாய்ப்பலகையின் வேறொரு பகுதி தவறான வெப்ப எச்சரிக்கையை அனுப்பக்கூடும்.

பயாஸ் இடும் வரம்பைப் புறக்கணிக்கும் அமைப்பு லினக்சில் உண்டு. ஆனால் காரணம் அறியாமல் அதைப் பயன்படுத்துவது தீங்கானது; அந்த வரம்பு சூட்டிலிருந்து கணினியைக் காப்பதற்காகவே இடப்பட்டிருக்கலாம். அதேபோல், பழுது சார்ஜரில் இருக்கும்போது இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதாலோ புதிய கணினி வாங்குவதாலோ காலமும் பணமுமே வீணாகும்.