தூளியும் ரப்பர்க் காம்பும்

அரசர்தம் படையெடுப்புகளையும் நாடுகளின் எல்லைகளையும் விரித்துரைத்த வரலாற்று நூல்களுள், கைக்குழந்தையொன்று இரவில் எவ்வாறு உறங்கியது என்பதைப் பேசியவை மிகச் சிலவே. எழுதத் தகாத சிறு செய்தியென்று எண்ணினர் போலும். இரவெல்லாம் அழும் குழந்தையும், விடியுமுன் வேலைக்கு எழவேண்டிய தாயும் ஒரே கூரையின்கீழ் வாழ நேர்ந்த காலந்தொட்டு, அழும் வாயில் எதையேனும் வைத்து அடக்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. எதை வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று ஆராயப் புகுந்தால், அது தாய்மாரின் உழைப்பு வரலாறாகவே விரிகின்றது.

ஐரோப்பாவில் ரப்பர்க் காம்பு தோன்றுமுன்னர் துணிமுடிச்சு இருந்தது. ரொட்டித் துணுக்கையும் சர்க்கரையையும் சிறு துணியில் வைத்து முடிந்து, நனைத்து, குழந்தையின் வாயில் கொடுப்பர். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1506ஆம் ஆண்டில் தீட்டிய மரியன்னை ஓவியமொன்றில், குழந்தை இயேசுவின் கையிலேயே அத்தகைய முடிச்சொன்றைக் காணலாம். சில வீடுகளில் அம்முடிச்சை மதுவில் நனைத்ததும் உண்டு. கசகசாவைச் சேர்த்ததும் உண்டு. குழந்தை உறங்கியது, ஏன் உறங்கிற்று என்று கேட்பாரில்லை.

ஆலைகள் எழுந்த பின்னரோ இவ்வழக்கம் கொடிய வணிகமாயிற்று. இங்கிலாந்தின் பஞ்சாலை நகரங்களில் தாய்மார் நாள்தோறும் நெடுநேரம் இயந்திரத்தின்முன் நின்றனர். அவர்தம் குழந்தைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொண்ட மூதாட்டியரும், களைத்து வீடு திரும்பிய தாய்மாரும் ‘காட்பிரே மருந்து’ என்னும் இனிப்புக் குழம்பை நாடினர். வெல்லப்பாகில் அபினியைக் கரைத்த குழம்பு அது. 1845இல் ஆங்கிலத் தொழிலாளர் நிலை குறித்து நூலெழுதிய பிரெடரிக் ஏங்கல்சும் இம்மருந்தைக் கண்டித்திருக்கிறார். 1868இன் மருந்தகச் சட்டம் அபினி விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தபோதும், தனியுரிமைப் பெயரில் விற்கப்பட்ட மருந்துகளுக்கு விலக்களித்தது. அமெரிக்காவில் 1849 முதல் விற்பனையான ‘திருமதி வின்சுலோ’ பாகில் மார்பின் கலந்திருந்தது. அதனை உண்டு உறங்கி, மீண்டும் எழாத குழந்தைகள் பலர். 1911இல் அந்நாட்டு மருத்துவச் சங்கம் அதனைக் குழந்தைக் கொல்லி என்ற வகையிலேயே சேர்த்தது. அதன் பின்னும் பல ஆண்டுகள் அது கடைகளில் இருந்ததுதான் வியப்பு.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் குழந்தைக்கு அபினி உருண்டை கொடுத்துவிட்டுச் சென்றதும் 1920களின் விசாரணைகளில் வெளிப்பட்டது. ‘பாலகோலி’ என்று அதற்குப் பெயர். அத்தாய்மாரை அறியாதவர் என்று ஏசுதல் எளிது. குழந்தையைக் கையில் ஏந்தியிருக்க ஓர் ஆள் இல்லாத வீட்டில், அந்த ஆளின் வேலையை ஓர் உருண்டை செய்தது என்பதே உண்மை.

அபினிக்கு எதிர்ப்பு வலுத்த காலத்திலேயே ரப்பர்க் காம்பு பரவிற்று. அமெரிக்கரான கிறிஸ்தியன் மைனெக்கே என்பவர் 1900இல் அதன் வடிவத்திற்குக் காப்புரிமை பெற்றார்: காம்பு, அதனை விழுங்காதபடி தடுக்கும் தட்டு, பிடித்திழுக்க ஒரு வளையம். இன்றைய காம்பும் ஏறத்தாழ அதே வடிவந்தான். அபினியோடு ஒப்பிட்டால் தீங்கற்றது என்பதில் ஐயமில்லை.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் பிரேசில் காடுகளிலிருந்து. 1877இல் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த 22 கன்றுகளின் வழித்தோன்றல்கள் மலாயாக் காடுகளை அழித்துப் பரவிய பின்னர், 1910களில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சிற்று. அதன் பிறகு மேலைநாட்டுக் குழந்தை சூப்பிய காம்பிற்கான பாலை வெட்டியோருள் நம் தோட்டத்துத் தாய்மாரும் இருந்தனர். அவர்தம் குழந்தைகளோ தூளியில் கிடந்தன.

பால்மரத்தை விடியற்காலையில் வெட்டினால்தான் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற அது குறையும். எனவே இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அதற்கு முன்னர்ச் சமைக்க வேண்டும். இரவில் குழந்தை உறங்காவிடின் மறுநாள் வெட்டுப் பாழ். வெட்டுப் பாழானால் கூலியும் பாழ். இத்தகைய இரவுகளில்தான் லயத்து வீட்டின் உத்திரத்திலிருந்து தாயின் பழஞ்சேலை தூளியாகத் தொங்கிற்று. ஏணை என்றும் அதனைச் சொல்வதுண்டு. துவைத்துத் துவைத்து மென்மையான துணி. தாயின் மணம் மாறாத துணி. குழந்தை சற்றே அசைந்தாலும் தூளியும் அசைந்து கொடுக்கும். படுத்தபடியே கயிற்றைக் கால்விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டு, தானும் அரைத்தூக்கம் தூங்கிய தாய்மார் எத்தனை பேர்! மலாய்க்காரர் வீட்டிலும் இதே ஆட்டந்தான். சாரோங்கைக் கட்டித் தொங்கவிட்ட ‘புவாயான்’. பிற்காலத்தில் அதற்குக் கம்பிச்சுருளும் வந்து சேர்ந்தது.

தூளியோடு பாட்டும் சேர்ந்தது. தால் என்பது நாக்கு. நாவசைத்துப் பாடுவதால் தாலாட்டு. பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். பிள்ளைத்தமிழ் நூல்கள் தாலப் பருவத்தை மூன்றாவதாக வைத்தன. நம் தோட்டத்துப் பெண்கள் பாடியது அந்தப் பெரும் மரபின் எளிய கிளை. தாலாட்டை இலக்கியமென்று மட்டும் பார்ப்போர் அதன் பயனை மறந்துவிடுகின்றனர். ஒரே மெட்டு, ஒரே வேகம், நாள்தோறும் ஒரே வேளை: உறங்கும் நேரம் வந்துவிட்டது என்பதைச் சொல்லறியாக் குழந்தைக்கு அறிவிக்கும் முறை அது.

பகலில் குழந்தைகள் ஆயாக் கொட்டகைக்குச் சென்றன. அங்கும் வரிசையாகத் தூளிகள். ஆனால் பல குழந்தைகளுக்கு ஓர் ஆயா. தாய் திரும்புமட்டும் பால் வேண்டுமே! அவ்விடத்தில்தான் இனிப்பூட்டிய டின்பால் நுழைந்தது. மலாயாவில் 1936 முதல் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரைக்கு இட்ட தலைப்பு ‘பாலும் கொலையும்’ என்பது. குழந்தைக்கு ஒவ்வாத டின்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று விற்பது கொலைக்கு ஒப்பானது என்று, வணிகர் நிறைந்த அவையிலேயே அவ்வம்மையார் துணிந்து சாற்றினார். ஜப்பானியர் காலத்தில் சாங்கிச் சிறையில் வாடியவரும் அவரே. போருக்குப்பின் உலகச் சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலத்துறைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

அறிஞர்களின் அறிவுரைகள் மட்டும் ஒருநிலையில் நின்றதில்லை. நியூசிலாந்தில் 1907இல் குழந்தை நலச் சங்கம் கண்ட டிரூபி கிங், கடிகாரம் பார்த்துப் பாலூட்ட வேண்டும், இரவில் ஊட்டலாகாது என்றார், காம்பையும் வெறுத்தார். அழுதாலும் தூக்காதே என்றொரு தலைமுறைக்குச் சொல்லப்பட்டது. 1946இல் மருத்துவர் ஸ்பாக் தாய் தன் உள்ளுணர்வை நம்பலாம் என்றார். 1989இல் உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் வெளியிட்ட பத்து நெறிகள், தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்குக் காம்பு கொடாதீர் என்றன. 2018இல் அந்நெறி, அதன் தீங்குகளைத் தாய்க்கு விளக்குக என்று தளர்ந்தது. இதற்கிடையே 2005இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், உறங்கும்போது காம்பு வைப்பது திடீர் மரண அபாயத்தைக் குறைக்கலாம் என்றது. ஆதலின் காம்பைப் பழிக்க நாம் துணியவில்லை. அதற்குப் பழகிய குழந்தை, நள்ளிரவில் அது நழுவி விழுந்தவுடன் விழித்தழும் என்பதுதான் பெற்றோர் படும் பாடு. மெல்ல மெல்ல அதனை விடுவிக்க விரும்புவோர் கைக்கொள்வதும் பழைய வழியே: ஒரே நேரம், மங்கிய விளக்கு, வயிறு நிறையப் பால், பாட்டு, தட்டிக்கொடுக்கும் கை. பின்னர்ச் சில இரவுகள் அழுகையைப் பொறுத்தல்.

தூளிக்கும் குறையுண்டு. பிறந்த சிசு சமமான, உறுதியான படுக்கையில் மல்லாந்து உறங்குவதே பாதுகாப்பு என்பது இன்றைய மருத்துவம். வளைந்த துணியில் தலை மடங்கினால் மூச்சுக்கு இடையூறு. நம் பாட்டியர் தூளியருகிலேயே இருந்தனர். ஆளில்லாத அறையில் கம்பிச்சுருளை ஆடவிட்டுச் செல்வது வேறு.

இரவு முழுதும் உறங்காத குழந்தை குறையுள்ளது என்ற எண்ணமும் புதியது. 2018இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், ஆறு மாதக் குழந்தைகளுள் நூற்றுக்கு 38 பேர் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்கவில்லை. அவர்தம் வளர்ச்சியில் குறைவும் காணப்படவில்லை. 2022இல் ஜப்பானிய ஆய்வாளர், அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடக்கவும், உறங்கியபின் மேலும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து, பிறகே கிடத்தவும் வேண்டும் என்று அளந்து கூறினர். லயத்து வாசலில் குழந்தையைத் தோளிலிட்டு இருட்டில் உலாவிய பெண்களிடம் கடிகாரம் இல்லை. உறக்கம் ஆழ்ந்ததா என்று குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்து, அது துவண்டு விழுந்த பின்னரே தூளியில் இட்டனர். பெரட்டு மணி அடிக்க இன்னும் சில மணி நேரமே இருந்தது.