பாலர் பள்ளிக்கு வசந்தம் வந்த கதை



பாலர் பள்ளிக்கான பயிற்றுவளங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். 'வசந்த காலம்' என்ற கருப்பொருளில் நிறைய நடவடிக்கைகள் கிடைக்கும். வண்ணத்தாளில் துலிப் பூ வெட்டுவது, பஞ்சு ஒட்டி ஆட்டுக்குட்டி செய்வது, காகிதத் தட்டில் பறவைக் கூடு அமைப்பது, ஈரப் பஞ்சில் பயறு முளைக்க வைப்பது என்று பட்டியல் நீளும். தலைப்பை மட்டும் தமிழில் மாற்றி அப்படியே வகுப்பில் செய்துவிடலாம். பலர் செய்கிறோம்.

ஆனால், சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 1 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே பனி உருகுவதுமில்லை, துலிப் பூ வீதியோரத்தில் பூப்பதுமில்லை. வசந்தமே இல்லாத ஊரில் வசந்த கால நடவடிக்கை எதற்கு? பேசாமல் தூக்கிப் போட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். இவை எங்கே, யாரால், எதற்காகத் தொடங்கப்பட்டன என்று பார்த்தால், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது நமக்கே தெளிவாகிவிடும்.

பனி விலகும் ஊரில் ஒரு தோட்டம்

ஃபிரெட்ரிக் ஃபிரோபெல் 1782-இல் ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்தில், மலையும் காடும் சூழ்ந்த ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்பே தாய் இறந்துவிட்டார். 15 வயதில் ஃபிரோபெல் வன அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகச் சென்றார். செடி கொடிகளோடு அவருக்கு ஏற்பட்ட நெருக்கம் அங்கே இன்னும் வலுத்தது. பின்னர் ஆசிரியராகி, 1808 முதல் 1810 வரை சுவிட்சர்லாந்தின் இவெர்டோன் நகரில் பெஸ்டலோசியின் பள்ளியில் தங்கிக் கற்றார். பொருளைக் கண்டு, தொட்டு உணர்ந்த பிறகே சொல் வர வேண்டும் என்பது பெஸ்டலோசியின் அடிப்படைக் கொள்கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசிவரை இது நமக்கு வேண்டும்.

1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் இளஞ்சிறாருக்கான நிலையம் ஒன்றை ஃபிரோபெல் தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். 'கிண்டர்' என்றால் குழந்தைகள், 'கார்ட்டன்' என்றால் தோட்டம். 'குழந்தை ஒரு செடி, ஆசிரியர் ஒரு தோட்டக்காரர்' என்ற உவமையைத் தேர்வில் எல்லா மாணவர்களும் எழுதிவிடுவார்கள். ஆனால் ஃபிரோபெல் உவமையோடு நிற்கவில்லை. கிண்டர்கார்ட்டனில் உண்மையான தோட்டம் இருக்க வேண்டும் என்றார்.

அந்தத் தோட்டத்தின் அமைப்பையும் அவரே வகுத்தார். நடுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாத்தி. அதில் என்ன நடுவது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். சுற்றிலும் எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். அவற்றை எல்லாரும் சேர்ந்து பராமரிக்க வேண்டும். பொதுவானது தனியானதை அரவணைத்து நிற்பது போன்ற அமைப்பு இது. இடம் போதாவிட்டால் இரண்டு பிள்ளைகள் ஒரு பாத்தியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் வழி சொன்னார். 'என்னுடையது', 'நம்முடையது' என்ற இரண்டு பெரிய பாடங்கள் அந்தச் சிறிய மண்ணுக்குள் அடங்கியிருந்தன.

துரிங்கியாவில் குளிர்காலம் நீளமானது. மண் இறுகிக் கிடக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். அங்கே வசந்தம் என்பது சுவர் அலங்காரம் இல்லை. கதவு திறக்கிறது, மண் இளகுகிறது, விதை போட நேரம் வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி அது. வசந்தத்தில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் விதைக்க வைத்தது, அந்த ஊரின் இயல்பான வாழ்க்கையிலிருந்து வந்த பாடம்.

பெட்டியில் அடங்கியதும் அடங்காததும்

ஃபிரோபெல் விட்டுச்சென்றது தோட்டத்தை மட்டும் அல்ல. கம்பளி நூல் பந்துகள், மரக் கோளம், உருளை, கனசதுரம் போன்ற 'கொடைகள்' எனப்படும் விளையாட்டுப் பொருள்களையும், காகிதம் மடித்தல், வெட்டுதல், பின்னுதல் போன்ற கைவேலைகளையும் அவர் வகுத்தார். ஆக, நம் வகுப்பில் வெட்டும் காகிதப் பூவுக்கும் அவரே முன்னோடி. அது ஒன்றும் தாழ்ந்த சரக்கு இல்லை.

1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டனுக்குத் தடை விதித்தது. ஃபிரோபெலின் கருத்துகளை, அரசியல் தீவிரம் கொண்ட அவருடைய உறவினர் கார்ல் ஃபிரோபெலின் கருத்துகளோடு குழப்பிக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டே, 1852-இல், ஃபிரோபெல் காலமானார். தடை நீங்கியது 1860-இல். ஆனால் யோசனை அதற்கு முன்பே நாடு தாண்டிவிட்டது. அவருடைய முறையைக் கற்ற பெண்கள் அதைச் சுமந்து சென்றார்கள். 1851-இல் லண்டனில் பெர்த்தா ரோங்கேயும் அவர் கணவரும் ஒரு கிண்டர்கார்ட்டனைத் தொடங்கினர். 1856-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஊரில் மார்கரெத்த ஷுர்ஸ் ஜெர்மன் மொழியில் ஒன்றை நடத்தினார். 1860-இல் பாஸ்டனில் எலிசபெத் பீபடி ஆங்கிலவழிக் கிண்டர்கார்ட்டனைத் தொடங்கினார்.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1869-இல் மில்டன் பிராட்லி என்ற அமெரிக்க விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர் கிண்டர்கார்ட்டன் வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டு, கொடைகளையும் கைவேலைப் பொருள்களையும் தயாரித்து விற்கத் தொடங்கினார். மரக்கட்டை, வண்ணத்தாள் எல்லாம் பெட்டியில் அடங்கிவிடும். எந்த ஊருக்கும் அனுப்பலாம், எந்த மாதத்திலும் பிரிக்கலாம். தோட்டத்தை அப்படிப் பெட்டியில் போட முடியுமா? முடியாது. நகரத்து வகுப்பறையில் மண் இல்லை, இடமும் இல்லை. ஆகவே பயணத்தில் காகிதப் பூ சுலபமாக ஊர் ஊராகப் போனது, பாத்தி பின்தங்கிவிட்டது. இன்று நாம் இணையத்திலிருந்து பதிவிறக்கும் வசந்தத் தாள்களை அந்தப் பெட்டியின் வாரிசுகள் என்றே சொல்லலாம்.

சொல் தெரியும், பொருள் தெரியாது

இந்த இழப்பைச் சிலர் கவனிக்காமல் இல்லை. 1883-இல் உளவியலாளர் ஸ்டான்லி ஹால், பாஸ்டன் நகரில் புதிதாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார். தேன்கூடு, எறும்பு போன்ற எளிய பொருள்களைக்கூடப் பலர் அறிந்திருக்கவில்லை. பாடநூலில் இருந்த சொற்களுக்குப் பின்னால் பிள்ளைகளின் மனத்தில் எந்தப் படமும் இல்லை என்பதுதான் அவருடைய கவலை. அதன் பிறகு அமெரிக்காவில் 'இயற்கைக் கல்வி' இயக்கம் வலுப்பெற்றது. 1911-இல் அன்னா காம்ஸ்டாக் ஆசிரியர்களுக்காக எழுதிய இயற்கைக் கல்விக் கையேடு, உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் உயிரிலிருந்தே தொடங்குங்கள் என்ற போக்கில் அமைந்தது.

லண்டனில் ரேச்சல் மேக்மில்லன், மார்கரெட் மேக்மில்லன் என்ற சகோதரிகள் 1914-இல் டெப்ட்ஃபோர்டு என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் திறந்தவெளிப் பாலர் பள்ளியைத் தொடங்கினர். நெரிசலான வீடுகளில் வெயிலும் காற்றும் இல்லாமல் நோயுற்ற பிள்ளைகளுக்கு அங்கே தோட்டமே வகுப்பறையாக இருந்தது. பூக்கள், காய்கறிகள், மூலிகைகள் எல்லாம் அதில் வளர்ந்தன.

ஹாலின் கவலையை நான் உயர்நிலை வகுப்புக் கட்டுரைகளில் அடிக்கடி சந்திக்கிறேன். 'மரங்கள் துளிர்த்தன, தென்றல் தவழ்ந்தது' என்று மாணவர்கள் அழகாக எழுதுவார்கள். "துளிர் எப்படி இருக்கும், என்ன நிறம்?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். மனப்பாடம் செய்த வருணனை அது. 15 வயதில் தெரியும் இந்த வெற்றிடத்தின் தொடக்கம் 5 வயதில் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலமே புழங்கும் பிள்ளைக்குப் பாலர் பள்ளியில் தமிழ் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில், அது தொட்டுப் பார்க்க முடியாத பொருளுக்கா நாம் பெயர் சொல்லிக்கொடுப்பது?

சென்னைக்கு வந்த மாண்டிசோரி

வசந்தம் இல்லாவிட்டால் இந்தப் பாடமே நடக்காதா? இதற்கு மரியா மாண்டிசோரியின் எழுத்தில் பதில் இருக்கிறது. 1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் அவருடைய 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. 1909-இல் வெளிவந்த தம் நூலில், செடி வளர்ப்பதும் பிராணி வளர்ப்பதும் பிள்ளைக்கு என்ன கற்றுத்தருகின்றன என்று அவர் விளக்கினார். தான் நீர் ஊற்றாவிட்டால் செடி வாடிவிடும் என்று உணரும் பிள்ளை, யாரும் சொல்லாமலே முன்யோசனை கற்கிறது. விதைக்கும் முளைக்கும் இடையிலான நாள்களில் பொறுமை கற்கிறது. இந்த விளக்கத்தில் பருவத்துக்கு முதலிடம் இல்லை. பொறுப்புக்கும் காத்திருப்புக்கும்தான் முதலிடம்.

1939 நவம்பரில் மாண்டிசோரி சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்தார். ஆசிரியர் பயிற்சி நடத்தினார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் இந்தியாவில் அவர் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டார். மகன் மாரியோ சில காலம் காவலில் வைக்கப்பட்டார். 1946 வரை இந்தியாவிலேயே தங்கிய மாண்டிசோரி, கொடைக்கானலில் பல வயதுப் பிள்ளைகளோடு பணியாற்றி, இயற்கையையும் உலகத்தையும் ஒன்றாகப் பார்க்கும் கல்வியை வளர்த்தெடுத்தார். மார்ச் மாதம் பிறந்தால் வெயில் ஏறத் தொடங்கும் சென்னையிலும் அவருடைய முறை வேர் பிடித்தது. அதற்கு ஐரோப்பிய நாட்காட்டி தேவைப்படவில்லை.

நம் ஊரில் எது வசந்தம்?

தமிழுக்கும் சொந்தப் பருவக் கணக்கு உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு. சித்திரையும் வைகாசியும் இளவேனில். தமிழ்நாட்டில் அது வெயில் காலம். ஐரோப்பிய வசந்தத்தை 'இளவேனில்' என்று மொழிபெயர்த்தால் சொல் பொருந்தும், காட்சி பொருந்தாது. நம் ஊரிலோ, பிள்ளைகளுக்கு 'வசந்தம்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது தொலைக்காட்சி ஒளிவழிதான்!

ஆனால் இங்கே இயற்கை மாறுவதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வறண்ட நாள்களுக்குப் பிறகு, பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் மறுபடி ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலும், சாலையோர டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூத்துக் குலுங்கும். அங்சானா மரம் திடீரென்று பூத்து நடைபாதையில் மஞ்சள் கம்பளம் விரிக்கும். சங்க இலக்கியத்தில் வரும் வேங்கைக்கு அது உறவு மரம். மலேசியத் தோட்டங்களில் ஆண்டுத் தொடக்க வறட்சியில் ரப்பர் மரம் இலை உதிர்த்து, செம்பு நிறத்தில் துளிர்விடும். அந்த நாள்களில் பால் குறையும். பால் குறைந்தால் வருமானமும் குறையும். நம் மூத்த தலைமுறைக்குத் துளிர் என்பது வருணனை இல்லை, வயிற்றுப்பாடு.

வகுப்பறைக்குச் சில நடவடிக்கைகள்

1. என் கிண்ணம், நம் தொட்டி: ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய கிண்ணத்தில் பச்சைப்பயறு, வகுப்புக்குப் பொதுவாக ஒரு தொட்டியில் வெண்டை. ஃபிரோபெலின் இரண்டு வகைப் பாத்திகளும் இதில் வந்துவிடும். தினமும் யார் நீர் ஊற்றுவது என்று முறை வையுங்கள். ஊறுதல், முளை, வேர், தண்டு, இலை என்று சொற்கள் வளர்ச்சியின் வரிசையிலேயே வரட்டும். ஒரு செடி வாடினால் உடனே மறைத்துவிடாதீர்கள். ஏன் வாடியது என்று பேச வையுங்கள். அன்றைய தமிழ்ப் பாடம் அதுதான்.

2. தூங்குமூஞ்சி மரம்: நம் சாலைகளில் குடை விரித்து நிற்கும் மழைமரத்துக்குத் தமிழில் இதுதான் பெயர். மாலையில் இலைகளை மூடிக்கொள்ளும். பகலில் வகுப்போடு ஒருமுறை, மாலையில் பெற்றோருடன் ஒருமுறை பார்த்து வரச் சொல்லுங்கள். 'விழித்திருக்கிறது', 'தூங்குகிறது' என்ற சொற்களைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

3. ஒன்பது நாள் கணக்கு: மரக்கிளைகளில் ஒட்டி வளரும் வெள்ளை நிறப் புறா ஆர்க்கிட், பலத்த மழையால் வெப்பம் சட்டென்று குறைந்தால், சுமார் 9 நாள் கழித்து ஒரே நாளில் கூட்டமாகப் பூக்கும். ஒரே நாளில் வாடியும் விடும். மழை பெய்த நாளை நாட்காட்டியில் குறித்து, ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிக் காத்திருங்கள்.

4. உதிர்ந்தவை: பூக்களைப் பறிக்க வேண்டாம்; கீழே விழுந்த இலை, பூ, காய் ஆகியவற்றைப் பொறுக்கி நிறம், வடிவம் வாரியாகப் பிரிக்கலாம். அதன் பிறகு வண்ணத்தாளை எடுங்கள். பார்த்த பூவை வெட்டட்டும்.

கடைசியில் சொன்ன வரிசையைக் கவனியுங்கள். காகிதப் பூவை நாம் கைவிடவில்லை. உண்மைப் பூவுக்குப் பின்னால் நிற்க வைத்திருக்கிறோம். முதலில் பொருள், பிறகு சொல், அதன் பிறகு கைவேலை. வசந்த கால நடவடிக்கைகளின் வரலாறு நமக்குத் தரும் பாடம் இவ்வளவுதான். பருவத்தை இரவல் வாங்கத் தேவையில்லை. பிள்ளையின் கையில் ஓர் உயிரை ஒப்படைத்துக் காத்திருக்கும் பழக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும்.

தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு

1. 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரில் உள்ள 'தோட்டம்' உவமையா, உண்மையா? ஃபிரோபெலின் தோட்ட அமைப்பைச் சான்றாகக் காட்டி விளக்குக.

2. கைவேலைப் பொருள்கள் எளிதில் பரவின, தோட்டம் பின்தங்கியது. இதற்கான காரணங்களை ஆராய்க.

3. 'சொல் தெரியும், பொருள் தெரியாது' என்ற நிலை உங்கள் சொந்தத் தமிழ் எழுத்தில் எங்கே தெரிகிறது? உங்கள் கட்டுரைகளிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை எடுத்து, அந்தப் பொருளை நேரில் பார்த்துவிட்டு, அதே பத்தியை மீண்டும் எழுதுக.