தானியச் சக்கை

பீர், விஸ்கி முதலிய மதுவகைகளுக்காகத் தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் உமி, புரதம், நார், கொழுப்பு ஆகியவற்றின் கலவை தானியச் சக்கை எனப்படும். பீர் ஆலையில், முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டிலிருந்து இனிப்புச் சாறு வடிக்கப்பட்டவுடன், நொதித்தலுக்கு முன்பே சக்கை பிரிந்துவிடுகிறது. பல வடிசாலைகளிலோ தானியமும் ஈஸ்ட்டும் ஒன்றாகவே காய்ச்சப்படுவதால் எஞ்சுவது சூடான கஞ்சி போன்ற குழம்பாகும்.

இதன் வரலாற்றை வகுத்தது அதிலுள்ள சத்தைவிட நீரே எனலாம். பீர்ச் சக்கையின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீராதலால் அது சில நாள்களில் புளித்துக் கெடும். தொலைவுக்கு ஏற்றிச்செல்வதும் கட்டுப்படியாகாது. ஆகவே கால்நடைகளை ஆலையருகே கொண்டுவந்து கட்டும் வழக்கம் தோன்றியது. 18ஆம் நூற்றாண்டு லண்டன் வடிசாலைகள் இவ்வாறே பன்றிகளைக் கொழுக்கவைத்து விற்றன.

இவ்வழக்கத்தின் மிகக் கொடிய வடிவம் 19ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் காணப்பட்டது. வடிசாலைக் குழம்பு மரக் கால்வாய்கள் வழியே சூடாகவே தொழுவங்களுக்குப் பாய, நெருக்கியடித்துக் கட்டப்பட்ட பசுக்கள் வைக்கோலும் வெளிக்காற்றும் இன்றி நோயுற்றன. அவற்றின் நீலம் பாய்ந்த நீர்த்த பால், சுண்ணாம்புத் தூளும் மாவும் கலக்கப்பட்டுக் குழந்தைகளுக்கு விற்கப்பட்டது. ராபர்ட் ஹார்ட்லி 1842இல் எழுதிய நூலில் இப்பாலைக் குழந்தை இறப்புகளோடு தொடர்புபடுத்தினார். அவர் மதுவிலக்கு இயக்கத்தவர் என்பதைக் கருதிக்கொண்டாலும் அவருடைய குற்றச்சாட்டின் சாரம் பிழையன்று. 1858இல் ஃபிராங்க் லெஸ்லியின் படப் பத்திரிகை தொழுவங்களை வரைந்து வெளியிட்டபோதும், நகராட்சிக் குழு உரிமையாளர் பக்கமே சாய்ந்தது; 1862இல்தான் மாநிலச் சட்டம் இப்பாலைத் தடைசெய்தது. உண்மையில் குற்றம் சக்கையுடையதன்று: வைக்கோலோடு அளவாகக் கொடுத்தால் அது நல்ல தீவனமே.

சக்கையை உலர்த்தும் இயந்திரங்கள் பரவியபின் ஆலைக்கும் தொழுவத்துக்கும் இடையிலான கட்டாய நெருக்கம் தளர்ந்தது. ஸ்காட்லாந்து வடிசாலைகள் சக்கையையும் காய்ச்சுகலத்தில் எஞ்சும் நீரையும் செறிவாக்கிக் குருணைத் தீவனமாக்குகின்றன. 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்துக்குப் பின் அமெரிக்காவில் மக்காச்சோள எத்தனால் பெருகியதால், உலர் சக்கையும் அதன் கரைசற்பொருளும் சேர்ந்த ‘டிடிஜிஎஸ்’ உலகச் சந்தைச் சரக்காயிற்று. சோளத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கான மாவுச்சத்து நீங்கிவிடுவதால் எஞ்சிய சத்துகள் சுமார் மும்மடங்காகச் செறிகின்றன. புரதம் 27 விழுக்காட்டளவை எட்டுகிறது. சோளத்தில் பூஞ்சை நச்சு இருந்தால் அதுவும் அதே மடங்கில் செறியும். ஆதலால் கோழித் தீவன ஆலைகள் சரக்கை இறக்குமுன் அஃப்லடாக்சின் சோதனையை வலியுறுத்துகின்றன.