புனிதர் பெயரில் ஒரு முத்திரை

மதுரையின் மேலக்கால் சாலையில், வைகையின் தென்கரையில் இருக்கிறது கோச்சடை. பெயரைக் கேட்டதுமே வேள்விக்குடிச் செப்பேடு சொல்லும் பாண்டியன் கோச்சடையான் ரணதீரன் நினைவுக்கு வந்துவிடுவான். அவன் குலத்தின் சின்னம் மீன் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே மீன் சோழர் முத்திரையிலும் இருப்பதுதான் வேடிக்கை. ஆனைமங்கலச் செப்பேட்டின் 21 ஏடுகளைக் கோத்த வளையத்து முத்திரையில், உட்கார்ந்திருக்கும் புலிக்குப் பக்கத்தில் இரண்டு மீன்கள். தோற்ற பாண்டியனை வென்றவன் தன் முத்திரைக்குள் அடைத்து வைத்திருக்கிறான். சேரனின் வில்லும் தப்பவில்லை.

நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்குச் சைவனான இராசராசன் ஊர் கொடுத்த ஆவணம் அது. ஆனால் முத்திரையில் சிவனும் இல்லை, புத்தரும் இல்லை. குலச்சின்னங்களும், குடை, விளக்கு, சாமரமும்தான். கொடுத்தவன் எந்தக் குலம் என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும்.

அதற்கடுத்த நூற்றாண்டுகளில் ஐரோப்பியத் துறவு மடங்கள் பயன்படுத்திய முத்திரைகளோ வேறு மாதிரி. மெழுகில் பதிந்த அவற்றில் குழந்தை இயேசுவை ஏந்திய மரியாள் இருப்பாள். இல்லையென்றால் அந்த மடத்துக்குரிய புனிதர் இருப்பார். ஆயர்களோ தங்கள் உருவத்தையே, பூசை உடையும் கைக்கோலுமாக, இரு முனையும் கூரான இலை வடிவ முத்திரையில் பதித்துக்கொண்டார்கள். புனிதர் படத்தைப் பக்திக்காக வைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது பாதி விடையாகவே படுகிறது. மடத்து நிலம் அந்தப் புனிதரின் நிலம். பத்திரத்துக்கு ஒப்புதல் தர வேண்டியவரும் அவரே.

இங்கிலாந்தின் டர்ஹம் மடம் இதற்கு நல்ல சாட்சி. அதன் முத்திரையில் சிலுவையைச் சுற்றி எழுதியிருப்பது, புனித ஆயர் கத்பர்ட்டின் முத்திரை என்று. கத்பர்ட் இறந்தது 687-இல். முத்திரை வழங்கியதோ பல நூறு ஆண்டுகள் கழித்து. பின்பக்கம் இன்னும் சுவையானது. பழைய ரோமானிய மணிக்கல் ஒன்றில் செதுக்கியிருந்த ஜூபிடரின் தலையை அப்படியே எடுத்துக்கொண்டு, சுற்றிலும் ‘மன்னர் புனித ஆஸ்வால்டின் தலை’ என்று பொறித்துவிட்டார்கள். ரோமாபுரியின் வானத்துக் கடவுள் ஓசையில்லாமல் கிறிஸ்தவப் புனிதராகிவிட்டார்!

நமக்கு இதில் வியப்பு வேண்டியதில்லை. சோழர் காலச் சிவன் கோயில்களில் நிலம் வாங்குவதும் விற்பதும் சண்டேசுவரர் பெயரில்தான் நடந்தது. கோயில் ஆணைக்கே ‘சண்டேசுவரன் ஓலை’ என்று பெயர். சிவன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று இன்றும் அவர் சந்நிதியில் கைதட்டிக் காட்டிவிட்டுத்தானே வெளியே வருகிறோம்.

ரோமில் மெழுகுக்குப் பதில் ஈயம். திருத்தந்தையின் முத்திரையில் ஒரு பக்கம் அவர் பெயர், மறுபக்கம் பேதுரு, பவுல் இருவரின் தலைகள், நடுவே சிலுவை. பவுலுக்கு நீண்ட கூர்தாடி. பேதுருவின் சுருள் முடியும் தாடியும் புள்ளி புள்ளியாக இருக்கும். முத்திரையைச் சுற்றியுள்ள புள்ளிகளை எண்ணிப் போலியைப் பிடித்த காலமும் உண்டு. கள்ள முத்திரைத் தொல்லை பொறுக்காமல் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் 1198-இல் மோசடி முறைகளை வகை வகையாகப் பட்டியலிட்டே கடிதம் எழுதினார். சலுகை தரும் கடிதத்தில் முத்திரை பட்டுக் கயிற்றில் தொங்கும். கட்டளைக் கடிதத்துக்குச் சணல் கயிறு. பிற்காலத்தில் முத்திரை குத்தும் வேலைக்கு எழுத்தறிவில்லாத துறவுச் சகோதரர்களையே வைத்தார்கள். ரகசியம் காக்க அதைவிட எளிய வழி ஏது!

அந்தத் திருத்தந்தையர் வரிசையில் வந்த இருபத்திரண்டாம் யோவான் 1329-இல் அவிஞ்ஞோனிலிருந்து நம் பக்கத்துக் கொல்லத்துக்கே ஓர் ஆயரை நியமித்தார். தோமினிக் சபைத் துறவியான அவர் பெயர் ஜோர்தானுஸ். கொல்லத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஆவணங்கள் புதிதல்ல. சேரன் தாணு ரவியின் ஆட்சியில், 849-இல், தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு அவர்களுடையது. நம் வட்டெழுத்தில் எழுதிய அதற்கு உறுதி சேர்ப்பது புனிதர் உருவம் எதுவுமல்ல. அரபு, பாரசீகப் பகலவி, எபிரேய எழுத்துகளில் வணிகர்கள் வரிசையாகப் போட்ட சாட்சிக் கையெழுத்துகள்.