ஷட்டரின் தாமதம்: காதர்பேட்டையிலிருந்து சில குறிப்புகள்

1

சின்னக் காமிரா வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் லென்ஸைப் பற்றிக் கேட்பார்கள், ஃபிளாஷ் உண்டா என்று பார்ப்பார்கள், விலையைக் குறைக்கச் சொல்வார்கள். பொத்தானை அழுத்தினால் ஷட்டர் எத்தனை நேரத்தில் திறக்கும் என்று கேட்பவர் குறைவு. பழைய சுருள் பிலிம் காமிராக்கள் மறுபடி கைமாறத் தொடங்கியிருக்கும் இன்றைக்கும் இதுதான் நிலைமை. அந்த இடைவெளி ஒரு செகண்டுக்கும் குறைவுதானே, அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். குடும்பப் படத்துக்கு ஒன்றும் இல்லை. வேலை செய்யும் கைகளைப் படம் பிடிக்க நினைப்பவருக்கு அதில் எல்லாமே இருக்கிறது.

பனியன் கம்பெனியில் ஓடும் ஓவர்லாக் மிஷினை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 5000 தையலுக்கு மேல் போகும். அரை செகண்ட் தாமதிக்கிற காமிரா கண் திறப்பதற்குள் நாற்பது தையல் விழுந்துவிடுகிறது. டெய்லரின் கை நகர்ந்துவிட்டது, பக்கத்தில் நிற்கும் கைமடிப் பிள்ளை அடுத்த பீஸுக்குக் குனிந்தாயிற்று. நாம் பார்த்தது ஒன்று, பிலிமில் பதிந்தது வேறு. இந்த வித்தியாசத்தைத் தொழில்நுட்பக் குறைபாடு என்று மட்டும் வாசிப்பது போதாது. யார் யாரை, எத்தனை நேரம் அசையாமல் நிற்கச் சொல்ல முடியும் என்கிற அதிகாரத்தோடு பிணைந்தது அது.

2

திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டை இன்று ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழிந்ததும் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிற சந்தை. லேபிள் வெட்டிய டி-சர்ட்டுகள் குவியலாகக் கிடக்கும். இந்த ஊரின் பின்னலாடைத் தொழிலுக்குத் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1925ஐ ஒட்டி குலாம் காதர் கொண்டுவந்து நிறுவிய பின்னல் மிஷின். நெடுங்காலம் உள்நாட்டு வெள்ளை பனியனே ஊரின் பிழைப்பு. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் வந்த பிறகுதான் ஏற்றுமதி தலையெடுத்தது. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. ஒரே கூரையின் கீழிருந்த வேலை கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் என்று துண்டு துண்டாகக் காண்ட்ராக்ட் விடப்பட்டு ஊரெங்கும் சிதறியது.

இந்த வரலாறு பிம்பமாக எப்படிச் சேமிக்கப்பட்டது என்பதை யோசித்துப் பார்க்கலாம். திறப்புவிழா, ஆயுதபூஜை, முதலாளி பையரோடு கைகுலுக்கும் காட்சி: இவை ஸ்டூடியோக்காரர் ஸ்டாண்டு போட்டு எடுப்பவை. அவருக்கு விரைவான ஷட்டர் தேவையில்லை. மிஷினை நிறுத்தச் சொல்லி, ஆட்களை வரிசையில் நிறுத்தி, 'ரெடி' சொல்லலாம். மெதுவான காமிரா அனுமதி உள்ளவரின் காமிரா. அனுமதி இல்லாதவருக்குத்தான் ஷட்டர் உடனே திறந்தாக வேண்டும்.

1984 இதில் ஒரு முரணைக் கொண்டுவருகிறது. வேலைநிறுத்தம் என்பது ஒரு கணம் அன்று. நான்கு மாத காலம். கடன், பட்டினி, கடைசி வரைக்கும் நின்றது, நடுவில் போய்ச் சேர்ந்துகொண்டது எல்லாம் அதில் அடங்கும். எவ்வளவு வேகமான ஷட்டரும் 127 நாளைப் பிடிக்காது. விரைவு ஒன்றே அரசியல் ஆகிவிடாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

3

நம் ஊரில் காமிரா யாருக்கு எட்டியது? பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3, 1980களில் விளம்பரத்தாலேயே வீடுகளுக்குள் புகுந்த ஹாட் ஷாட், பிறகு யாஷிகா எம்.எஃப்.2, 1990களில் கோடாக் கே.பி.10. இவை நடுத்தர வர்க்கத்தின் காமிராக்கள். ஜப்பானிய நல்ல காமிரா வேண்டுமானால் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினரின் பெட்டியில் வரவேண்டும், அல்லது சென்னை பர்மா பஜாருக்குப் போகவேண்டும். நுகர்பொருள் இறக்குமதி மீதிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் முழுதாக விலகியது 2001இல்தான். பிலிமுக்கு அரசே ஆலை வைத்திருந்தது: 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ஊட்டியில். 1967இல் உற்பத்தி தொடங்கிய அதன் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள்கள் எத்தனையோ கல்யாணங்களையும் மாநாடுகளையும் பதிவு செய்தன. 1990களின் நடுவில் அந்த ஆலை நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அது எழவில்லை.

இந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. மலிவான கிளிக் 3க்கும் எம்.எஃப்.2க்கும் ஷட்டர் தாமதம் என்பதே கிட்டத்தட்ட இல்லை. குவியம் நிலையானது, அளப்பதற்கும் நகர்த்துவதற்கும் ஒன்றும் கிடையாது. அழுத்தினால் விடுகிற ஸ்பிரிங், அவ்வளவுதான். தாமதத்தைக் கொண்டுவந்தது 'முன்னேற்றம்'. 1977இல் கொனிகா சி35 ஏ.எஃப். தானே தூரம் பார்த்துக் குவிக்கும் முதல் கையடக்கக் காமிராவாகச் சந்தைக்கு வந்தது. அதன் பின் வந்த தானியங்கிகளில் பெரும்பாலானவை தூரத்தை அளக்கும், வெளிச்சத்தை அளக்கும், லென்ஸை நகர்த்தும், அப்புறம் திறக்கும். பாதி அழுத்தி வைத்தாலும் பலவற்றில் லென்ஸ் நகர்வது முழுதாக அழுத்திய பிறகுதான். கண் சிவப்பைத் தவிர்க்கும் முன்ஃபிளாஷ் இருந்தால் கேட்கவே வேண்டாம், ஒரு செகண்ட் வரைகூடப் போகும். கையால் குவிக்கிற லைக்காவில் இதே தாமதம் சுமார் 12 மில்லி செகண்ட்.

ஆக, வேகம் என்று ஒரே சொல்லால் சொல்வது இரண்டு வேறு விஷயம். ஒன்று, காமிரா எத்தனை சீக்கிரம் கேட்கிறது என்பது. இன்னொன்று, எத்தனை குறைந்த வெளிச்சத்தில் பார்க்கிறது என்பது. ஏழையின் காமிரா உடனே கேட்கும். ஆனால் அதன் சிறு துவாரத்துக்கு வெயில் வேண்டும். பணக்காரக் காமிரா டியூப் லைட்டிலும் பார்க்கும். ஆனால் யோசித்துவிட்டுத்தான் பார்க்கும். தையல் நடப்பதோ வெயிலில் அல்ல.

4

பனியன் கம்பெனியின் டியூப் லைட் வெளிச்சத்தில் 400 வேக பிலிம் போட்டால் துவாரம் 2.8, ஷட்டர் 1/60 என்ற கணக்கு ஏறத்தாழ வரும். 35 மி.மீ. லென்ஸைக் கையால் 3 மீட்டரில் வைத்துவிட்டால் இரண்டரை மீட்டரிலிருந்து மூன்றே முக்கால் மீட்டர் வரை தெளிவாக விழும். வாசலுக்கு வந்து வெயிலில் துவாரம் 8 வைக்க முடிந்தால், 5 மீட்டரில் நிறுத்திய லென்ஸ் இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை பார்த்துக்கொள்ளும். இதைச் செய்ய விடுகிற காமிராவைத்தான் தேடவேண்டும். 1979இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்.ஏ. அப்படிப்பட்டது. சட்டைப் பையில் அடங்கும், கையால் குவிக்கலாம், மோட்டார் கிடையாது, பொத்தான் தொட்டாலே போதும். 1996இல் வந்த ரிக்கோ ஜி.ஆர்.1, தானியங்கி என்றாலும் குவியத்தை ஒரே தூரத்தில் பூட்டிவிட வசதி தந்தது. இதற்கு மாறாக, 1991இல் வந்து உலகெங்கும் விற்ற ஒலிம்பஸ் மியூ ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் ஃபிளாஷைத் தானியங்கி நிலைக்கே கொண்டுபோகும். அணைக்க மறந்தால் இருட்டு கோடவுனில் 'பளிச்'. காமிரா நம்மைக் காட்டிக்கொடுப்பது இப்படித்தான். விலையை விட இது முக்கியம்.

இதற்கு அப்பாலும் தாமதம் இருக்கிறது. சுருளைக் கழுவ லேபுக்குப் போகவேண்டும். லேப் யாருடையது? முதலாளியின் மகள் கல்யாண ஆல்பம் போடுகிற அதே கடை. 36 படத்தையும் அங்கே ஒருவர் பார்க்கிறார். ஷட்டர் 12 மில்லி செகண்டில் திறந்தாலும் படம் வெளியே வர மூன்று நாள், நடுவில் எத்தனையோ கண்கள். சிலர் வெளியூரில் கழுவினார்கள், சிலர் பாத்ரூமை இருட்டறை ஆக்கினார்கள் என்றால் அதற்குக் காரணம் கலை ஆர்வம் மட்டும் இல்லை.

5

பஞ்சாலைக் குழந்தைகளின் படங்களில் உலகம் அதிகம் அறிந்தவை லூயிஸ் ஹைன் எடுத்தவை. 1908 முதல் அமெரிக்கத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் கமிட்டிக்காக கரோலினா மில்களுக்குள் போனார். தீயணைப்புப் பரிசோதகர், பைபிள் விற்பவர் என்று பொய் சொல்லி நுழைந்ததும் உண்டு. சட்டைப் பொத்தான்களின் உயரத்தை முன்பே அளந்து வைத்துக்கொண்டு, அதை வைத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துக்கொள்வார். அவரிடம் இருந்ததோ கண்ணாடித் தகடு போடும் பெரிய காமிரா, மெக்னீசியப் பொடி ஃபிளாஷ். பதுங்கி எடுக்க முடியாதது. அதனால் பிள்ளைகள் மிஷின் அருகே நின்று நேராக நம்மைப் பார்க்கிறார்கள். காமிராவின் மந்தமே அந்தப் பார்வையைச் சாத்தியமாக்கியது. எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் நடுவே ஏதோ ஒரு பேச்சு நடந்திருக்கிறது என்பதைப் படமே சொல்கிறது.

ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். 1916இல் குழந்தை உழைப்புக்கு எதிரான முதல் மத்தியச் சட்டம் வந்தது. தன் இரு மகன்களும் மில்லில் வேலை செய்ய உரிமை வேண்டும் என்று சார்லட் நகரத்து டேகன்ஹார்ட் வழக்குப் போட்டார். பின்னணியில் மில் முதலாளிகள். 1918இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. வழக்கு 'ஜெயித்த' மகன்களில் ஒருவர் சில ஆண்டுகள் கழித்து, உடம்பும் தேறவில்லை, படிப்பும் இல்லை, அந்தச் சட்டம் இருந்திருக்கலாம் என்ற பொருளில் பத்திரிகையாளரிடம் பேசினார். நிலைத்து நின்ற சட்டம் 1938இல் வந்தது. முதல் படத்திலிருந்து முப்பது வருஷம். இதுவும் ஒரு ஷட்டர் தாமதம்.

தாமதம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. குழந்தைகள் செய்த பொருட்களைத் தடுக்கும் ஹார்கின் மசோதா 1992இல் அமெரிக்காவில் முன்வைக்கப்பட்டது. அது சட்டம் ஆகவே இல்லை. ஆனாலும் 1993இல் வங்கதேச ஆயத்த ஆடை ஆலைகள் பயந்துபோய்க் குழந்தைகளை வெளியே தள்ளின. சுமார் 50,000 பேர் என்று 1997இல் யுனிசெஃப் எழுதியது. பலர் கல்லுடைக்கவும் தெருவில் அலையவும் போனார்கள். பள்ளியையும் உதவித்தொகையையும் முன்வைத்த ஒப்பந்தம் 1995 ஜூலையில்தான் கையெழுத்தானது. படம் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போன அன்றே ஒரு பிள்ளையின் கூலி நின்றுபோனால், அந்தப் படத்தின் விலையைக் கொடுத்தவர் யார்? "எதுக்குங்க போட்டோ? யாருகிட்டக் குடுப்பீங்க?" என்று வேலையாட்கள் கேட்பதில் கூச்சம் மட்டும் இல்லை. பிம்பம் எந்த வழியில் போய் எப்படித் திரும்பிவரும் என்கிற கேள்வி அது. அதற்குப் பதில் வைத்திருக்காதவர் பொத்தானில் விரல் வைக்கக்கூடாது.

6

கார்த்தியே பிரெஸ்ஸோன் 1952இல் வெளியிட்ட புத்தகத்தை ஆங்கிலத்தில் 'தீர்மானகரமான கணம்' என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார்கள். நம் புகைப்பட விவாதங்களும் அதையே பிடித்துக்கொண்டன. பிரெஞ்சுத் தலைப்பின் தொனி வேறு. லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கடை விரித்து, போலீஸ் தலை தெரிந்தால் சுருட்டிக்கொண்டு ஓடுகிற வியாபாரிக்குச் சொல்லும் சொல் அது. காதர்பேட்டை பிளாட்பாரத்தில் துணி விரித்து விற்கிறவருக்கு அது விளக்கமே இல்லாமல் புரியும். 'கணம்' என்ற தத்துவப் பூச்சை நீக்கிவிட்டால், விரைவு என்பது இடமில்லாதவரின் தேவை. ஆனால் அந்த வியாபாரி ஓடினாலும் மறுநாள் அதே இடத்துக்கு வருகிறார். வாங்கியவர்களுக்கு முகம் காட்டுகிறார். படமெடுப்பவர் திரும்பி வருகிறாரா?

1997இல் எஸ்.ஏ.8000 போன்ற நெறிமுறைகள் வந்தபின் ஆடிட்டரும் காமிராவோடு வருகிறார். அவருக்காகத் தரை கழுவப்படுகிறது, தீயணைப்பான் மாட்டப்படுகிறது. அது பழைய ஸ்டூடியோ படத்தின் தொடர்ச்சிதான். இன்றைய கம்பெனிகளில் கண்காணிப்புக் காமிரா ஷட்டருக்காகக் காத்திருப்பதே இல்லை, எந்நேரமும் பார்க்கிறது. பல இடங்களில் வேலையாட்களின் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் முடிவில்லாத பிம்பம், மறு பக்கம் ஒன்றுகூட இல்லை. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகில் ராணா பிளாசா இடிந்து 1134 பேர் செத்தார்கள். இடிபாட்டில் அணைத்தபடி கிடந்த இருவரின் படத்தை எடுத்த தஸ்லிமா அக்தர், அதற்கு முன்பே ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் இயங்கியவர். அசையாதவர்களைப் படமெடுக்க விரைவான ஷட்டர் வேண்டியதில்லை. அவர்கள் அசைந்துகொண்டிருந்த காலத்தில் உள்ளே காமிரா இல்லாமல் போனதுதான் கேள்வி.

எனவே தேர்வைப் பற்றி இப்படிச் சொல்லலாம். தூரத்தைக் கையால் முன்கூட்டியே வைத்துக்கொள்ள விடும் காமிராவை எடுங்கள். அதன் விரைவு மோட்டாரிலிருந்து வருவதில்லை. எங்கே நிற்கப்போகிறோம் என்று நாம் முதலிலேயே தீர்மானித்துவிட்டதால் வருகிறது. அந்த இரண்டரை மீட்டர், பேசினால் கேட்கிற தூரம். பிரிண்ட் போட்டதும் முதல் பிரதி படத்தில் இருப்பவருக்குப் போகட்டும். வேறு எங்கு போகலாம் என்பதை அவர் சொல்லட்டும். சங்க அலுவலகப் பீரோக்களிலும் மூடிக்கொண்டிருக்கும் ஸ்டூடியோக்களிலும் 1980கள், 1990களின் நெகடிவ்கள் ஈரம் ஏறிக் கிடக்கின்றன. அவற்றை எடுத்துக் காயவைத்து, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு, பின்புறத்தில் வருஷமும் இடமும் எழுதிவைக்கும் வேலை உடனே தொடங்க வேண்டியது. புதுக் காமிரா அதற்குப் பிறகு வாங்கலாம்.