இரு சூரியோதயங் கண்ட வான்வழி

இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலைக்கும் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் ஏறக்குறைய 3,500 மைல். இன்றைய ஜெற் விமானம் அத்தகைய தூரத்தை ஏழெட்டு மணி நேரத்திற் கடந்துவிடும். 1943ஆம் ஆண்டில் அவ்வழியே பறந்தவர்களுக்கோ 27 முதல் 33 மணி நேரம் வரை சென்றது.

அவ்வழி பிறந்ததே யுத்தத்தால். 1938 முதல் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே பறக்கும் படகுகள் தபாலும் பிரயாணிகளும் ஏற்றிச் சென்றன. நீரில் இறங்கி, நீரிலிருந்தே எழும் அவ்விமானங்கள் சிங்கப்பூர் வழியாக, இடையிடையே தங்கி, ஏறத்தாழப் பத்து நாளிற் பயணத்தை முடித்தன. 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதம் யாவாவும் வீழ்ந்தது. வழி நடுவே அறுந்தது. மேற்கே இலங்கை, கிழக்கே அவுஸ்திரேலியா. இடையே இந்து சமுத்திரம்.

அதனை ஒரே பாய்ச்சலில் தாண்டும் பொறுப்பைக் குவாண்டாஸ் நிறுவனம் ஏற்றது. கற்றலினா எனும் இரட்டை இயந்திரப் பறக்கும் படகுகள் ஐந்து அதற்குக் கிடைத்தன. அவை விரைவுக்குப் பெயர்பெற்றவையல்ல; இப்பயணத்தில் அவற்றின் சராசரி வேகம் மணிக்கு 120 மைல் அளவினதே. ஆயினும் நெடுநேரம் வானில் நிற்கும் ஆற்றல் அவற்றுக்கிருந்தது. எரிபொருளின் பாரத்துக்கு ஈடாக, இன்றியமையாதன தவிர்ந்த கருவிகளெல்லாம் கழற்றப்பட்டன. மிஞ்சிய கொள்ளளவு மூன்று பிரயாணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மாத்திரமே. இத்துணை சிறு பொதிக்காக இத்துணை பெருமுயற்சியா என வினவலாம். அப்பொதியில் இருந்தவை அரசாங்கங்களினதும் படைகளினதும் கடிதங்கள். கப்பலுக்காகக் காத்திருக்கத் தகாதவை.

படகுகளில் ஆயுதமில்லை. யப்பானிய விமானங்கள் உலாவக்கூடிய பகுதியை இருளிற் கடக்கும்படியே புறப்படும் வேளை குறிக்கப்பட்டது. வானொலி பெரும்பாலும் மௌனம். மாலுமிகள் பண்டைக் கடலோடிகளைப் போல நட்சத்திரங்களை நோக்கியே திசை கண்டனர். பொருத்தமாகவே, படகுகளும் அல்தேர், வேகா, றிகெல், அன்ராறெஸ், ஸ்பைக்கா என விண்மீன்களின் பெயர் பூண்டன. ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயங் கண்டமையால், பிரயாணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரிற் பத்திரமும் வழங்கப்பட்டது. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது.

பேர்த்திற் படகுகளுக்குத் துறையாய் அமைந்தது சுவான் ஆறு. இங்கோ கொக்கலைக் கடலேரி. இக்கரையிற் கொடுத்த விலை பயணக் கதைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. 1942இல் விமானத் தளத்துக்காகக் கொக்கலைக் கிராமத்தவர் தம் மனைகளையும் தோட்டங்களையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊரும் அதுவே. அவர் பிறந்த வீடு தப்பிப் பிழைத்தது. சூழவிருந்த ஊர் மறைந்தது.

1944இல் லிபரேற்றர் எனும் தரைவிமானங்களும் இச்சேவையிற் சேர்ந்து நேரத்தைப் பெரிதுங் குறைத்தன. 1945 யூலையில் கற்றலினாச் சேவை நின்றது. 271 தடவை சமுத்திரத்தைக் கடந்தும் ஒரு படகேனும் தொலையவில்லை. ஆனால் அவை அமெரிக்கக் கடன்-குத்தகை ஏற்பாட்டின் கீழ் வந்தவை. யுத்தத்தின் பின் வணிகத்துக்குப் பயன்படுத்தல் ஆகாது. எனவே பகைவர் கண்ணிற் படாது மீண்ட அப்படகுகள் அவுஸ்திரேலியக் கரைக்கப்பாற் கொண்டுசெல்லப்பட்டுக் கடலில் அமிழ்த்தப்பட்டன.