உணவுப் பொட்டலத்தின் மேல் ஒரு முத்திரை

பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மைப் போன்றவர்க்கு, உண்ணும் அரிசி எந்த வயலில் விளைந்தது, நெய் யார் வீட்டில் உருக்கியது என்று அறிய வழியில்லை. சொந்த ஊரிலாயின் பழகிய கடைக்காரரைக் கேட்டுவிடலாம். டில்லியிலோ நாக்பூரிலோ அவ்வாறு கேட்பதற்கு ஆளில்லை. பொட்டலத்தின் மேல் ஒட்டியுள்ள சீட்டை நம்பியே வாங்குகிறோம். அந்தச் சீட்டு நம் நாட்டில் வளர்ந்த வரலாறு சுவையானது. ‘ஆர்கானிக்’ என்ற சொல் அதில் ஏறிய பிறகு அதன் வேலையும் முன்னைவிடக் கடினமாயிற்று.

1926இல் லின்லித்கோ பிரபுவின் தலைமையில் அமைந்த வேளாண்மை ராயல் கமிஷன் 1928இல் அறிக்கை அளித்தது. விளைபொருளைத் தரம் பிரித்து விற்கும் முறை சீர்ப்பட வேண்டும் என்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்றது. 1935இல் மத்திய அரசின் விற்பனைத் துறை அலுவலகம் தோன்றியது. 1937இல் வேளாண் விளைபொருள் தரப்பிரிப்பு, முத்திரைச் சட்டம் நிறைவேறியது. பழம், காய்கறி, முட்டை, பால்பொருள், தோல் முதலியன அதன் அட்டவணையில் இடம்பெற்றன. வேளாண்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துகளையும் முத்திரை என்னும் பொருள்தரும் ‘மார்க்’ என்பதையும் சேர்த்து ‘அக்மார்க்’ என்று பெயர் வைத்தனர். எவரையும் கட்டாயப்படுத்தாத ஏற்பாடு அது. ஆனால் அனுமதியின்றி முத்திரையிட்டால் தண்டனை உண்டு. ஆங்கிலமும் அல்லாத, எந்த இந்திய மொழியும் அல்லாத அச்சொல் நம் இல்லத்தரசிகளின் வாயில் எவ்வளவு எளிதாகப் புழங்கியது என்பதை எண்ணும்போது, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சிறிது பொறாமையும் தோன்றுகிறது!

அக்காலத்துப் பெரிய சிக்கல் நெய்யில் வனஸ்பதி கலப்பதாகும். அதற்குக் கண்ட வழி மிகவும் சாமர்த்தியமானது. வனஸ்பதி தயாரிப்போர் அதில் 5 சதவிகிதத்துக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்த்தே ஆகவேண்டும் என்று விதித்தனர். நல்லெண்ணெய் இருந்தால், பர்ஃபியூரால் என்ற பொருளையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்துக் குலுக்கும்போது சிவந்த நிறம் தோன்றும். நெய்யில் அந்நிறம் தோன்றினால் கலப்படம் வெளிப்பட்டுவிடும். 1954இல் மத்திய அரசின் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும் இயற்றப்பட்டு, 1955இல் நடைமுறைக்கு வந்தது. முத்திரை சொல்வது மெய்யா பொய்யா என்று சோதனைக்குழாய் சொல்லிற்று.

ஆர்கானிக் பொருளின் நிலை வேறு. பூச்சிமருந்தின் எச்சத்தைச் சோதனைச்சாலை கண்டுபிடிக்கும். ஆனால் வயலுக்கு இட்டது யூரியாவா, மாட்டெருவா என்பதைச் சாதாரணச் சோதனை எதுவும் அரிசியில் காட்டாது. ஆகவே பொருளை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அது வந்த வழியையும் ஆராயவேண்டும். இந்தியாவில் ஆராய்ச்சி செய்து, இந்தூரில் மக்கு உர முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டின் கருத்துகள் உலகெங்கும் பரவியிருந்தும், சான்றளிக்கும் ஏற்பாடு நம் நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருப்பெற்றது. மத்திய வணிக அமைச்சகத்தின் தேசியத் திட்டம் 2001இல் அறிவிக்கை பெற்றது. 2002இல் ‘இந்தியா ஆர்கானிக்’ என்னும் சின்னம் வந்தது.

இத்திட்டத்தின்படி ஆண்டுப்பயிராயின் விதைப்பதற்கு முன் 24 மாதமும், பல்லாண்டுப் பயிராயின் முதல் அறுவடைக்கு முன் 36 மாதமும் மாறுகாலமாகக் கழியவேண்டும் என்பது பொது விதி. பல பண்டங்கள் சேர்ந்த உணவில் 95 சதவிகிதமேனும் சான்று பெற்றதாக இருந்தால்தான் முழுப் பெயரும் இடலாம். 70 முதல் 95 வரையாயின், ஆர்கானிக் பொருள்களைக் கொண்டு செய்தது என்று மட்டும் சொல்லலாம். அதற்கும் குறைந்தால் உட்பொருள் பட்டியலில் மட்டுமே அச்சொல்லுக்கு இடம். தண்ணீரும் உப்பும் இக்கணக்கில் சேரா. உறைக்கும் விதி உண்டு: அது உணவைக் கெடுக்கலாகாது, சுற்றுச்சூழலுக்கு இசைந்ததாக இருக்கவேண்டும், தேவையற்ற பொதிவு கூடாது. பளபளக்கும் உறைமேல் உறையாகக் கட்டிவரும் பொட்டலங்களைக் கடைகளில் காணும்போது இவ்விதியை யார் படித்தார்கள் என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

ஒரு குறை நெடுநாள் நீடித்தது. இத்தனை விதிகளும் ஏற்றுமதியைக் கருதி எழுந்தவை. கப்பலேறும் பொருளுக்குச் சான்று வேண்டியிருந்தது. உள்நாட்டுக் கடையிலோ எவரும் ‘ஆர்கானிக்’ என்று எழுதி விலையைக் கூட்டலாம். உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2017இல் ஒழுங்குமுறைகளை வெளியிட்டு, ‘ஜைவிக் பாரத்’ என்ற சின்னத்தையும் அறிமுகப்படுத்தியது. 2018 ஜூலை 1 முதல் அவை செயற்படலாயின. அயல்நாட்டார்க்குக் கிடைத்த காப்பு நமக்குக் கிடைக்கப் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பது பெருமைப்படத்தக்க செய்தியன்று.

தமிழில் இப்பொருளுக்கு ஒரே சொல் நிலைபெறவில்லை. இந்தியில் ‘ஜைவிக்’ என்பர். தமிழ்நாட்டு அரசின் சான்றளிப்புத் துறை ‘அங்கக’ என்கிறது. 2023இல் வெளியான அம்மாநிலக் கொள்கை ‘உயிர்ம’ என்கிறது. மக்கள் வழக்கில் ‘இயற்கை’ என்பதே மிகுதி. வழக்கை நாம் பழிக்கவில்லை. எனினும் ‘இயற்கையானது’ என்று மட்டும் எழுதப்பட்ட பொட்டலத்தைச் சான்று பெற்ற பொருள் என எண்ணி வாங்குவோர் நம்மவருள் பலர். வாங்குமுன் சின்னத்தையும் சான்றளித்த அமைப்பின் பெயரையும் பார்ப்பது நலம்.

சான்றுக்குச் செலவாகும், சிறு குடியானவர்க்கு அது சுமை. அதனால் குறைந்தது ஐந்து உழவர் ஒரு குழுவாகி ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டு உறுதிசெய்யும் முறையை மத்திய வேளாண் அமைச்சகம் 2011இல் தொடங்கியது. 2017 ஒழுங்குமுறைகளும் ஒரு விலக்கு அளித்தன. விளைவித்தவரே நுகர்வோருக்கு நேரில் விற்றால் சான்று தேவையில்லை. ஆனால் சின்னத்தைப் பயன்படுத்தலாகாது. தஞ்சை மாவட்டத்து உழவர் ஒருவர் தம் நெல்லைக் குத்தி ஊர்ச் சந்தையில் தாமே அளந்து கொடுக்கலாம்; வாங்குபவர் வேண்டுமானால் வயலுக்கே போய்ப் பார்க்கலாம். அதே அரிசி மூட்டையாகி, இரண்டு வியாபாரிகள் கை மாறி, நாம் குடியிருக்கும் தெருக்கடையில் ‘ஆர்கானிக்’ என்ற பெயரோடு அமர வேண்டுமானால், அந்த வயல் வரையில் பின்சென்று பார்க்கக்கூடிய பதிவுகள் அதனோடு வந்தாகவேண்டும்.